பாலைப்பழம்

"தம்பி, ஒரு சுண்டு போடட்டோ? திரியாய்ப் பக்கத்துப் பழம்."

திருகோணமலைச் சந்தைக்கு வெளியே ஆச்சி ஒருவர் சாக்கு விரித்துப் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். நாலு பழம் வாயில் போட்டதுமே பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கபில நிறம், மெருகு பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு. பல்லுக்கு அசையாத ஓடு.

அந்த ஓடுதான் விஷயம். கரடியின் எச்சத்தைக் கழுவி ஆராய்பவர்களுக்கு இந்தக் கொட்டைகள் முழுசாகவே கிடைக்கின்றன. பழக்காலத்தில் கரடி மரத்தில் ஏறித் தின்றுவிட்டு, எங்கோ தூரத்தில் விதைத்துவிட்டுப் போகிறது. இருவாய்ச்சி எனப்படும் இரட்டைச்சொண்டுக் குருவியும் அப்படித்தான்.

மரமோ மிக மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த கட்டை, தண்ணீரில் போட்டால் தாழும். ஒரு காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது.

அப்புறம் தோட்டக்காரருக்கும் ஒரு செய்தி. இந்தியாவில் சப்போட்டாவுக்குப் பல வேர்ச்செடிகளை, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடிகளை, ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், கடைசியில் பாலை நாற்றில்தான் ஒட்டச் சொன்னார்கள். வீரியமும் விளைச்சலும் அதில்தான் நன்றாக வந்தன.

காட்டுக்கும் தோட்டத்துக்கும் கரடிக்கும் ஒரே மரம்!

மரநடுகை என்றதும் தேக்கங்கன்றோடு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேக்கில் கரடிக்கு என்ன பழம் இருக்கிறது? இந்த மாரிக்கு முன் குச்சவெளிப் பக்கம் நடப்போகிறவர்கள் பாலையும் வீரையும் சேர்த்து நடுங்கள். கொட்டை சேர்த்துத் தர நான் தயார்.