21 சதவீதம் குறைவு

நான் ஒரு பேரூராட்சியில் பொறியாளராக இருந்தபோது 180 மீட்டர் மழைநீர் வடிகாலுக்கு டெண்டர் விட்டோம். விலைப்புள்ளியைத் திறந்தால், ஒருவர் எஸ்டிமேட்டை விட 21 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தார். தலைவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. லாபத்தையே விட்டுக்கொடுத்தாலும் அவ்வளவு குறையாது. மிச்சம் சிமெண்டிலிருந்துதான் வரவேண்டும்.

ஆனால் 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்காரருக்குத்தான் வேலை. ரேட் கூடுதலாக இருந்தால் பேசிக் குறைக்க அதில் வழி உண்டு. குறைத்துப் போட்டவருக்கு ஏற்றிக் கொடுக்க வழி கிடையாது. மறு டெண்டர் என்றால் இன்னொரு 15 நாளாவது போய்விடும். அப்போதே செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். சரி, ஆர்டர் கொடுத்தாயிற்று.

ஒப்பந்ததாரரை நேராகவே கேட்டேன், "இந்த ரேட்டுக்கு எப்படிக் கட்டுவீங்க?"

"கையில வேலை இல்லேன்னா கடன்காரன் வாசல்ல நிப்பான் சார். போன வேலைக்கு பில் வர எட்டு மாசம். வட்டியே லாபத்தைத் தின்னுடுச்சு. நீங்க பில்லை மட்டும் இழுக்காமப் போடுங்க."

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. ஒவ்வொரு 30 மீட்டருக்கும் அளந்து எம்-புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) ஏற்றி, உடனே பகுதி பில் போடுவதாக ஒத்துக்கொண்டேன். பதிலுக்கு, சட்டியில் அள்ளிப் போடும் கணக்கு கூடாது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 1.25 கன அடிப் பெட்டியில் மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. எம்20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட் கலவைக்கு அதுதான் அளவு.

ஒருநாள் நான் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) இல்லாமல் போட்டுவிட்டார்கள். சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சுவரில் ஜல்லி பல்லிளித்தது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பாதி உள்ளே போனது. "மேஸ்திரி, இது சுவரா தேன்கூடா?" இரண்டு மீட்டரை இடித்து மறுபடி போட வைத்தேன். ஒப்பந்ததாரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மழை தொடங்கும்போது 120 மீட்டர்தான் முடிந்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மீதியைப் போடச் சொன்னார் தலைவர். நான் மறுத்து, அந்த 60 மீட்டரை மண் வாய்க்காலாக வெட்டி விட்டேன். முதல் பெருமழையிலேயே கரை சரிந்து இரண்டு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மன்றக் கூட்டத்தில் நல்ல திட்டு. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்க் கலவைக் கணக்கா சொல்ல முடியும்? மோட்டார் வைத்து இறைத்துக் கொடுத்தோம். மிச்சத்தை ஜனவரியில், அதே பெட்டியை வைத்து அளந்து போட்டோம்.