7000 அடி உயரத்தில் கப்பல் ஏறிய கதை

கொடைக்கானலில் குடியிருப்பவர்கள் ஏரியில் படகு ஏறுவதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால்தான் ஏறுவோம். மே மாதம் மதுரையில் வெயில் ஏற ஏற, இங்கே எங்கள் வீட்டில் போர்வைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். இந்த முறை வந்த கூட்டத்தில் சித்தப்பாவும் இருந்தார். அதுவும் கப்பல் ஏறிவிட்டு வந்த சித்தப்பா.

சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவரும் சொகுசுக் கப்பலில் போய்வந்தவர். போன ஊர்களைப் பற்றி அவர் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. ஏறுவதற்குக் காத்திருந்ததுதான் மொத்தக் கதையும். கப்பல் தாமதமாக வந்ததாம். வந்தாலும் தானாக உள்ளே நுழைந்துவிட முடியாதாம். துறைமுகத்து பைலட் ஒருவர் சின்னப் படகில் போய் ஏறி, வழிகாட்டித்தான் கொண்டுவர வேண்டுமாம். அப்புறம் முந்தைய பயணிகள் இறங்கி, அவர்கள் பெட்டிகள் இறங்கி, அத்தனை அறைக்கும் படுக்கை விரிப்பு மாற்றி, அரிசி, பருப்பு, முட்டை ஏற்றி... "காலையில போனவன்டா, சாயங்காலம்தான் ஏறினேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. மற்றவர்கள் இதைப் புகாராகச் சொல்வார்கள்.

இங்கே வரும் வழியிலும் அதே நினைப்புதான். ஊட்டிக்கும் கொடைக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆயிற்றே, சோதனைச் சாவடியில் அதைக் காட்டியதும், "இமிகிரேஷன் முடிஞ்சது" என்று வேனுக்குள் அறிவித்தாராம். சித்தி தலையில் அடித்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் டிக்கெட் எடுத்துப் படகுத்துறைக்குள் போவதற்கும் மேகம் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் உண்டாக்கிய ஏரி இது. நட்சத்திர வடிவம் என்பார்கள். அன்றைக்கு ஒரு முனைகூடத் தெரியவில்லை. படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள், கவுண்டரையும் மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டால், உள்ளே இருந்தவர் வானத்தைக் கை காட்டினார்.

குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சுக்கு, இந்த ஏரிக்கு முதல் படகையே தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தார்களாம் என்று சொல்லிவைத்தேன்.

"தூத்துக்குடியா? அப்ப இது ஹார்பர்டா!"

அவ்வளவுதான். பைகளை எல்லாம் வாங்கி ஓரமாக அடுக்கினார். லக்கேஜ் தனியாகத்தான் போகுமாம். மரத்தடி பெஞ்சு பால்கனி ரூம், அதில் அத்தையை உட்காரவைத்தார். வறுத்த சோளமும் பிரெட் ஆம்லெட்டும் வந்தன, அது பஃபே. அடுத்தது அபாயப் பயிற்சி. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்த பிறகு இதை ரொம்பக் கறாராக்கிவிட்டார்கள் என்று விளக்கினார். முன்பு ஏறி ஒரு நாளைக்குள் முடித்தால் போதுமாம். இப்போது கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டுமாம். சங்கு ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக ஒலிக்கும். சத்தம் கேட்டதும் எல்லோரும் சொன்ன இடத்தில் கூட வேண்டும்.

சங்கு இல்லை. வாயாலேயே ஊதினார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரோ ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. எதற்கு வரிசை என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் வரிசையைப் பார்த்தால் முதலில் நின்றுவிட வேண்டும், விசாரணை அப்புறம். பச்சைக் குல்லா போட்ட ஓர் அம்மா மட்டும் முன்னால் வந்து, "சார், டோக்கன் நீங்கதான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சித்தப்பா சட்டைப்பையில் கைவிட்டு, காலையில் சாக்லேட் வாங்கிய கடைகளின் பில்களை எடுத்து, கிழித்துக் கிழித்துப் பின்பக்கம் நம்பர் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். பில் தீர்ந்ததும் முறுக்குப் பொட்டலம் கட்டிய பேப்பர்.

கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. டிக்கெட் வைத்திருந்த எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். படகுக்காரர் துடுப்பைத் தட்டி, "கனமானவங்க நடுவுல உக்காருங்க" என்றார். அத்தை அதை மனதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். சித்தப்பாவைத் தேடினால், கவுண்டர் வாசலில் நூறு கைகளுக்கு நடுவே அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது.

"இது சாக்லேட் கடை பில்லுங்க! இதுக்கு நான் எப்படி போட் குடுக்கறது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

படகு கிளம்பிவிட்டது. தண்ணீருக்கு நடுவே போன பிறகும், "பொறுமையா இருங்க, பைலட் வரணும்!" என்று அவர் கத்துவது கேட்டது. சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சுற்றுகூட முழுசாக முடியவில்லை, மறுபடி மேகம். படகுக்காரர் திருப்பிவிட்டார்.

கரையில் அடிதடி நடந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கூட்டம் ஒழுங்காக வரிசையில் நிற்கிறது. கவுண்டர்காரர் முறுக்குப் பேப்பரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, "பதினேழு, பதினெட்டு யாருங்க, உள்ள வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சித்தப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"சித்தப்பா, போலாமா?"

அவர் வாய் திறப்பதற்குள் கவுண்டர்காரர் முந்திக்கொண்டார். "சார் இருக்கட்டும் தம்பி. இன்னும் நாப்பது நம்பர் பாக்கி. இது என்ன எழுத்துனு அவருக்குத்தான் புரியுது."

சித்தி ஒன்றும் பேசவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சித்தப்பாவின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கடா, பிரியாணி சாப்பிடப் போலாம்."