ஒன்றரை கிரிவலம் = ஃபாலுட்

டிசம்பர் கடைசி வாரம் சிங்கலீலா மலை போகிறோம். நானும் மச்சானும், அப்புறம் நடை தொடங்கும் ஊரான மானேபஞ்ஜனில் சேர்ந்துகொள்ளும் வழிகாட்டியும். டார்ஜிலிங் பக்கம், நேபாள எல்லையை ஒட்டியே போகும் மலைமுகடு அது. அந்த முகட்டில் சந்தக்புவில் ஒரு டிரெக்கர்ஸ் ஹட் (மலை நடப்பவர்கள் ராத்திரி தங்கும் விடுதி), ஃபாலுட்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் 21 கிலோமீட்டர். இந்த ஒரு நாள் நடைக்காகத்தான் மூன்று மாதமாக வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

செப்டம்பரில் எங்கள் பயமெல்லாம் குளிர்தான். மார்கழியில் 21 டிகிரி வந்தாலே மஃப்ளரைத் தேடுகிற ஊர்க்காரர்கள் வேறு எதற்குப் பயப்படுவோம்? தி.நகரில் தெர்மல், குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி கையுறை என்று மூன்று வாரம் கடைகடையாக ஏறி இறங்கினோம். வரைபடத்தை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்ததே அக்டோபரில்தான். அன்றைக்குத்தான் உறைத்தது: எங்களுக்குக் குறைச்சல் ஸ்வெட்டர் இல்லை, வெளிச்சம்.

டிசம்பர் கடைசியில் அங்கே ஆறேகால் வாக்கில் விடியும். மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அதே நாளில் சென்னையில் ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். நம் ஊர்க் கணக்கிலேயே போனால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில், பனியில், 3,600 மீட்டர் உயரத்தில்.

நடை நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்தக் கணக்கில் 21 கிலோமீட்டர் சமதளம் நாலே கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். அவர் ஸ்காட்லாந்துக்காரர், நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் 44 வயதுக்காரன். எனக்கு எவ்வளவு ஆகும் என்று நடந்து பார்த்தால்தானே தெரியும்.

சென்னையில் 21 கிலோமீட்டர் தொந்தரவில்லாமல் நடக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது மச்சான்தான் சொன்னான், "மாமா, கிரிவலம் 14 கிலோமீட்டர். ஒன்றரைச் சுற்று போனா சரியா வருது." அவன் தெரிந்து சொன்னானோ இல்லையோ, சந்தக்புவில் இருந்து நடுவழியில் வரும் சபர்கிராம் வரைக்கும் அதே 14 கிலோமீட்டர்தான். அதாவது ஒரு முழுச் சுற்று முடித்து ராஜகோபுரத்துக்கு வந்தால் சபர்கிராம். இன்னும் அரைச் சுற்று போனால் ஃபாலுட். அண்ணாமலையாரே அளந்து வைத்த மாதிரி இருந்தது.

பௌர்ணமி இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துத் திருவண்ணாமலைக்குப் போனோம். ஆளுக்கு எட்டு கிலோ மூட்டை, அதில் ஐந்து கிலோ பொன்னி அரிசி. எல்லோரும் வெறுங்காலில் நடக்க, நாங்கள் மட்டும் கணுக்கால் வரை ஷூ போட்டுக்கொண்டு, குச்சி ஊன்றிக்கொண்டு போனோம். ஒரு பெரியவர் நிறுத்தி, "ஏம்பா, கால்ல ஏதாவது புண்ணா?" என்று அக்கறையாகவே கேட்டார். முதல் சுற்று டீயோடு சேர்த்து மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். அடுத்த அரைச் சுற்று இரண்டு மணி நேரம் இழுத்தது. இடது குதிகால் தோல் உரிந்துவிட்டது. இதில் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. ஒன்றரைச் சுற்று முடிந்தால் நிற்பது அடி அண்ணாமலை பக்கம், மலைக்குப் பின்னால். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம்.

மொத்தம் ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். ஏற்ற இறக்கத்துக்கு ஒன்றரை. கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான் அங்கே. அதற்கும் பனிக்கும் சேர்த்து இன்னொரு இரண்டு. ஆக ஒன்பது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மூன்றரைக்கு ஃபாலுட். கைவசம் மிஞ்சுவது ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். அதனால் இப்போதே ஒரு முடிவு: பன்னிரண்டரைக்குள் சபர்கிராம் வரவில்லை என்றால் ஃபாலுட் கிடையாது, மொல்லேவுக்கு இறங்கி அங்கே உள்ள ஹட்டில் தங்கிவிடுவோம். அங்கே போய் மூச்சு வாங்கும்போது விவாதிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்திருக்கிறோம்.

சந்தக்பு வரை ஜீப்பிலேயே போய் இரண்டு நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று மச்சான் கெஞ்சினான். ஒத்துக்கொள்ளவில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. டாங்லு 3,070, காளிபோக்ரி அதைவிடக் கொஞ்சம் மேலே, சந்தக்பு 3,636 என்று படிப்படியாக ஏறினால் தலைவலியோடு அந்த 21 கிலோமீட்டரைத் தொடங்க வேண்டியிருக்காது.

குளிரை இங்கே ஒத்திகை பார்க்க ஒரே இடம் ஃப்ரீஸர். 80 சதவீதம் சார்ஜ் இருந்த பழைய போனை உறைந்த பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துபோனது. வெளியே எடுத்துச் சூடேறியதும் 70-க்கு மேல் காட்டியது! சார்ஜ் எங்கேயும் போகவில்லை, குளிரில் பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் போனும் பவர் பேங்கும் சட்டைக்குள், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள். தண்ணீர் பாட்டிலையும் வைத்துப் பார்த்தேன். மேலே இருந்துதான் உறைகிறது. பாட்டிலைத் தலைகீழாகச் செருகிவைத்தால் மூடிப்பக்கம் அடைக்காது. இந்த ஆராய்ச்சியை மனைவி கண்டுபிடித்தது ராத்திரி பதினோரு மணிக்கு. அதை இங்கே எழுத வேண்டாம்.

ரயிலுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. நியூ ஜல்பாய்குரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. பாதை நேபாளத்துக்குள் போய்ப் போய் வருவதால் வாக்காளர் அட்டையும் பைக்குள் போயாயிற்று.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டதும் கடற்கரை மணலில் நடக்கும் பயிற்சி நின்றது. பனியில் கால் புதைவதற்கு மணலைவிட நல்ல ஒத்திகை இங்கே கிடையாது, என்ன செய்வது. அடுக்குமாடிப் படியில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்குகிறேன். வாட்ச்மேன் அண்ணன் முதல் வாரம், "லிஃப்ட் ரிப்பேரா சார்?" என்றார். இப்போது கேட்பதில்லை.

நேற்று முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்ததில் ஷூ ஊறிவிட்டது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறேன். 29 டிகிரியிலேயே இன்னும் காயவில்லை. மலையில் நனைந்தால் காயவே காயாது. சாக்ஸுக்கு மேல் போட நாலு பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.