2012 மேக்புக் ப்ரோவில் சோனோமா நிறுவிய அனுபவம்

2012ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை ஆப்பிள் 2016 அக்டோபர் வரை விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு அதிகாரப்பூர்வமாகக் கிடைத்த கடைசி மேக்ஓஎஸ், 2019இல் வந்த கேட்டலினா. ரேமை 16 ஜிபிக்கு உயர்த்தி, வன்தட்டின் இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தியிருக்கும் என் கணினி, எழுத்து வேலைக்கும் கணக்கு வழக்குக்கும் இன்றும் தாராளமாகப் போதும். ஆயினும் கேட்டலினாவுக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2022இலேயே நின்றுவிட்டன. குரோமின் புதிய பதிப்புகளும் அதில் இயங்குவதில்லை. நன்றாக உழைக்கிற ஓர் இயந்திரத்தை இந்தக் காரணத்துக்காகக் குப்பையில் போட மனம் ஒப்பாததால், ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு, 2023இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான சோனோமாவை நிறுவ முடிவு செய்தேன். ஆதரவு நின்றுபோன மேக்குகளிலும் புதிய மேக்ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் ஓப்பன்கோர் என்ற மென்பொருளை எழுதித் தருவது இந்தக் கருவிதான்.

நிறுவலுக்கான யுஎஸ்பியை உறவினரின் புதிய மேக்கில் சிரமமின்றித் தயாரித்துவிட்டேன். இப்படி வேறொரு கணினியில் தயாரிப்பவர்கள், கருவியின் அமைப்புகளில் இலக்கு மாடலாக, இந்த மேக்புக்கின் அடையாளப் பெயரான ‘மேக்புக்ப்ரோ9,2’ என்பதைத் தெரிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால், அது எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினிக்குரிய ஓப்பன்கோரையே எழுதிவைக்கும். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கணினியைத் தொடங்கும்போது, ஓப்பன்கோர் படம் உள்ள ‘ஈஎஃப்ஐ பூட்’டை முதலில் தேர்ந்து, அதன் பிறகே நிறுவியைத் தேர வேண்டும். நேரே நிறுவிக்குப் போனால் குறுக்குக் கோடிட்ட வட்டம் மட்டுமே திரையில் நிற்கும்.

அதன் பிறகுதான் சோதனை தொடங்கியது. நிறுவல் பாதி வழியில் உறைந்து நின்றது. மறுபடி தொடங்கினால் வேறோர் இடத்தில் நின்றது. வட்டுகளைக் காட்டும் டிஸ்க் யுட்டிலிட்டி செயலியில் எஸ்எஸ்டி ஒருமுறை தெரிந்தது, மறுமுறை காணாமல் போனது. பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்தவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், “சார், இந்த மாடலுக்கு சோனோமா சப்போர்ட்டே கிடையாது, அதனாலதான் நிக்குது, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார். ஆதரவு இல்லாத கணினி என்று தெரிந்ததும் எல்லாக் கோளாற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிடும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரே பிழை ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் முதலில் வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்து இணைத்தபோது, அதே நிறுவல் தடையின்றி ஓடி முடிந்தது. ஆக எஸ்எஸ்டியும் நலம், சோனோமாவும் நலம். பழுது, எஸ்எஸ்டியைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் தட்டையான சாட்டா கேபிளில். இந்த மாடலில் அந்தக் கேபிள் அலுமினிய உடலின் மேல் படிந்து, மடிந்து செல்வதால் நாளடைவில் பழுதாவது பலர் பட்ட துன்பம். வட்டு தன் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் ‘சிஆர்சி எரர்’ (தரவுப் பரிமாற்றப் பிழை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதும் இதற்கு ஓர் அடையாளம். பழைய கேபிளில் 821-1480 என்று அச்சிட்டிருக்கும். பின்னால் வந்த திருத்தப்பட்ட கேபிளின் எண் 821-2049. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கேட்கும்போது “மேக்புக் கேபிள்” என்று பொதுவாகச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 15 அங்குல மாடலின் கேபிள் இதற்குப் பொருந்தாது. அடிமூடியின் பத்துத் திருகுகளில் மூன்று மட்டும் நீளமானவை என்பதால், எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைப்பது நல்லது. புதிய கேபிளைப் பொருத்துமுன், அது உலோகத்தைத் தொடும் இடங்களில் மின்காப்பு நாடா ஒட்டிவிட்டேன். அதன்பின் நிறுவல் ஒரே மூச்சில் முடிந்தது. அன்று அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

நிறுவிய பின்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். யுஎஸ்பியைப் பிடுங்குமுன் ஓப்பன்கோரை உள்வட்டிலும் எழுதிவிடுங்கள். மறந்தால் மீண்டும் அந்தத் தடை வட்டம்தான். அடுத்தது, ஆப்பிள் நீக்கிய இயக்கிகளைக் கணினிக் கோப்புகளில் திரும்பச் சேர்க்கும் ரூட் பேட்ச். இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ் இயக்கிகளை ஆப்பிள் மான்டெரேயிலேயே நீக்கிவிட்டது. பழைய வைஃபை அட்டைகளுக்கான ஆதரவு சோனோமாவில் போயிற்று. எனவே பேட்ச் போடும்வரை சாளரங்கள் திக்கித் திக்கி நகரும், வைஃபையும் இருக்காது. ஆனால் அந்தப் பேட்ச் போடுவதற்கே கருவி இணையத்திலிருந்து கோப்பு இறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணினியில் ஈதர்நெட் துளை இருப்பதால் ரௌட்டரிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்துக் காரியத்தை முடித்தேன்.

ஒவ்வொரு புதுப்பிப்பும் இந்தப் பேட்ச்சை அழித்துவிடும் என்பதால் அதைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. கணினிக் கோப்புகள் மாறவில்லை என்பதற்கு ஆப்பிள் இட்ட மின்னணு முத்திரை பேட்ச்சால் உடைந்திருப்பதால், சிறிய புதுப்பிப்புக்கும் முழு நிறுவியே பல ஜிபி அளவில் இறங்கும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். பேட்சரின் புதிய பதிப்பு அந்தப் புதுப்பிப்பை ஏற்கிறது என்று உறுதியான பிறகு, ஈதர்நெட் இணைப்பு கைக்கெட்டும் இடத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள்.