மரணத்தோடு ஒரு நடனம்

நேற்றிரவு மீண்டும் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ‘வால்ஸ் திரிஸ்த்’, அதாவது ‘சோக வால்ட்ஸ்’ நடன இசை, கேட்டேன். ஆறு நிமிடம்கூட இல்லாத இசை. முடிந்தபின் வெகுநேரம் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

1903இல் சிபேலியஸ் தன் மனைவி ஐனோவின் அண்ணன் அர்விட் யார்னெஃபெல்ட் எழுதிய ‘குவோலெமா’ நாடகத்துக்காக அமைத்தது. பின்லாந்து மொழியில் குவோலெமா என்றால் மரணம். நோயுற்ற தாய் படுத்திருக்கிறாள். காவலிருந்த மகன் அருகிலேயே உறங்கிவிட்டான். கனவில் நடன இசை கேட்டு அவள் எழுகிறாள். கண்ணுக்குத் தெரியாத ஜோடிகளோடு சேர்ந்து ஆடுகிறாள். களைத்து விழுந்தவள், மிச்சமிருக்கும் பலத்தைத் திரட்டி மறுபடியும் ஆடுகிறாள். அப்போது கதவு தட்டப்படுகிறது. வாசலில் மரணம்.

தொடக்கத்தில் வில் படாமல் விரலால் மீட்டப்படும் தந்திகள், இருட்டில் தயங்கி வைக்கும் காலடிகள் போலவே இருக்கின்றன. நடுவில் இசை வேகம் பிடித்துச் சுழலும்போது அவள் பிழைத்துவிடுவாள் என்றே ஒவ்வொரு முறையும் நம்பிவிடுகிறேன். கடைசியில் மொத்த இசைக்குழுவும் அடங்கி, சில வயலின்கள் மட்டும் மெல்ல மூச்சுவிட்டு நிற்கின்றன.

உலகமெங்கும் வாசிக்கப்பட்ட இதன் உரிமையைச் சிபேலியஸ் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கேட்பதானால் இரவில், தனியாகக் கேளுங்கள்.