அப்பாவின் சாமங்கள்

27 நவம்பர் 2024, புதன்

மூன்று நாளாக மழை ஓயவில்லை. மட்டக்களப்பு திராய்மடுவில் எங்கள் ஒழுங்கையிலும் கணுக்கால் வரை தண்ணீர். அப்பா மூன்று இரவும் படுக்கவே இல்லை. டோர்ச்சை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்தார். "தண்ணி எங்க மட்டும் வந்திட்டு மகள்?" என்று அரை மணிக்கு ஒருதரம் கேள்வி. நேற்று காரைதீவுப் பக்கம் உழவு இயந்திரத்தில் போன பிள்ளைகளை வெள்ளம் அடித்துப்போன செய்தி வந்ததும் ரேடியோவை நிறுத்தினேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

30 நவம்பர், சனி

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியில், நாவலடிக் கரையில் அப்பாவின் கையிலிருந்துதான் தம்பி நழுவிப் போனான். ஏழு வயது. அம்மாவையும் அன்றைக்கே இழந்தோம்.

இருபது வருடமாக "அப்பாவுக்கு நித்திரை வாறதில்லை" என்றே எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அது பிழை. அவருக்குக் கண் செருகிக்கொண்டு வரும். உடனே எழும்பிப் போய் முகம் கழுவுவார். அவருக்கு நித்திரைக்குப் பயம். கண்ணை மூடினால் தம்பியை மறுபடியும் கைவிட வேண்டும். இது விளங்காமல், "கண்டதையும் யோசிக்காமப் படுங்க அப்பா" என்று எத்தனை நாள் அதட்டியிருப்பேன்!

4 டிசம்பர், புதன்

கிளினிக். குறட்டை விடுவாரா, இடையில் மூச்சு நின்று வருமா என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். இப்படி மனம் காயப்பட்டவர்கள் பலருக்கு நித்திரையில் மூச்சு அடைபடும் நோயும் சேர்ந்தே இருக்குமாம். அதைக் கவனிக்காமல் விட்டால் மற்ற வைத்தியமும் சரியாகப் பலிக்காது.

அடுத்து, குடிப்பாரா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்தார். சாராயம் முன்சாமத்தில் கண்ணை மூடவைக்கும், பின்சாமத்தில் நித்திரையைக் குலைக்கும். கனவு கூடுதலாக வருவதும் அந்த நேரத்தில்தான். அப்பா மூன்று, நாலு மணிக்கே ஏன் கத்துகிறார் என்று எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.

நித்திரைக் குளிசை கேட்டேன். அது பழகிப்போகும், கனவைக் குணமாக்காது என்றார். பிரசோசின் என்ற பிரஷர் மருந்து இந்தக் கனவுகளுக்குச் சிலருக்கு உதவுகிறது. ஆனால் 2018இல் வெளிவந்த ஆய்வில், 304 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. அதனால் வேறொரு பயிற்சியையும் தொடங்கலாம் என்று உளவளத் துணையாளரிடம் அனுப்பினார்.

9 டிசம்பர், திங்கள்

பயிற்சி இதுதான். பகலில், முழிப்பாக இருக்கும்போது, அந்தக் கனவை விரும்பியபடி மாற்றி எழுத வேண்டும். அப்புறம் தினமும் பத்து, இருபது நிமிடம் புதிய கனவை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பா சொல்ல நான் எழுதுகிறேன்.

முதல் நாள் கோபித்துக்கொண்டார். "நடந்தத மாத்த ஏலுமா?" நடந்ததை இல்லை ஐயா, கனவை மட்டும் என்று துணையாளர் பொறுமையாகச் சொன்னார். இன்றைக்குத்தான் வாய் திறந்தார். "கடல் குளம் மாதிரிக் கிடக்கு. தம்பி கரையில மட்டி பொறுக்குறான்."

எனக்குக் கை நடுங்கியது. எழுதினேன்.

14 டிசம்பர், சனி

போயா, முழுநிலவு நாள். சுனாமி வந்த அந்த 26ஆம் திகதியும் போயாதான், ஞாயிற்றுக்கிழமை. நிலவு காய்ந்தாலே அப்பாவுக்குப் பதற்றம் தொடங்கிவிடும்.

3.10க்குக் கத்தினார். முன்பென்றால் ஓடிப்போய் உலுக்குவேன். ஒருமுறை கனவுக்குள்ளேயே என் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார், விடிந்ததும் அதற்காக அழுதார். இப்போது லைட்டைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று சொல்கிறேன்: "அப்பா, நான் மகள். இது திராய்மடு வீடு. தண்ணி இல்ல." அவர் கட்டிலில் இருந்து கையைக் கீழே விட்டு நிலத்தைத் தடவுவார். காய்ந்திருக்கிறதா என்று.

19 டிசம்பர், வியாழன்

பகல் நித்திரையைக் குறைத்தாயிற்று. கதவு தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். பக்கத்து வீட்டு மாமி சொன்னபடி கோயிலில் நூலும் கட்டினேன். அவர் மனம் ஆறினால் எனக்குப் போதும்.

27 டிசம்பர், வெள்ளி

நேற்று நாவலடியில் விளக்கேற்றினோம். இருபது வருடம். இரவு பதினொரு மணிக்குப் படுத்தார், 2.40க்கு எழும்பினார். கத்தவில்லை.

"தம்பி வந்தவனா அப்பா?"

"வந்தவன். மட்டி ஒண்டும் கையில இல்ல. ஆனா கரையில நிண்டவன்."

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, குனிந்து நிலத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.