தேர்தலில் தோற்றும் பறந்தவர்

பம்பாயில் வளர்ந்த ஏபி நாதனைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை. இஸ்ரேலின் டெல் அவிவில் உணவகம் நடத்தியவர் 1965 தேர்தலில் நின்றார், ஜெயித்தால் எதிரி நாடான எகிப்துக்கே பறந்துபோய் அதிபர் நாசரிடம் சமாதானம் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்தார், தோற்றுவிட்டார். சரி, அதோடு விட்டாரா? 1966 பிப்ரவரி 28 அன்று 'ஷாலோம் 1' என்று பெயரிட்ட பழைய குட்டி விமானத்தில் தனியாளாகக் கிளம்பி எகிப்தின் போர்ட் சயீத்தில் இறங்கிவிட்டார். நாசரைப் பார்க்க முடியவில்லை. நன்றாகவே நடத்தி மறுநாள் திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் 1973இல் கடலில் கப்பலை நிறுத்தி சமாதான வானொலி நடத்தினார். இஸ்ரேல் சட்டம் தடுத்தும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தைச் சந்தித்து, சிறைக்கும் போனார். 1993 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமரே அதே அராஃபத்துடன் கைகுலுக்கினார்! அந்த ஆண்டு நவம்பரில் நாதன் தன் கப்பலைத் தானே கடலில் மூழ்கடித்தார்.